டயகம மழையில் ஒரு நேர்முகத் தேர்வு

றொசல்லவில் ரயில் நின்றுவிட்டது. ஹட்டனுக்கு முந்தைய நிலையம் அது. நிலையம் என்று சொல்வதே அதிகம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு மேடை, ஓர் அறை, ஒரு மணி. கார்டு பெட்டி பெட்டியாக வந்து சிங்களத்தில் ஏதோ சொல்லிக்கொண்டு போனார். எதிரில் இருந்த பெண் எனக்காகத் தமிழில் சொன்னார்: "முன்னால மண்ணு சரிஞ்சு கெடக்காம். வெட்டி எடுத்தாத்தான் கோச்சி போகுமாம். இன்னிக்கா நாளைக்கான்னு யாரும் தன்னைய கேக்கக் கூடாதாம்."

அன்று பிற்பகல் எனக்கு ஹட்டனில் நேர்முகத் தேர்வு.

நான் திருச்சிக்காரி. வயது நாற்பத்தாறு. ஒரு துணி ஆலையில் கம்ப்யூட்டருக்குப் போகும் துளை அட்டைகளைச் சரிபார்ப்பது என் வேலையாக இருந்தது. ஆலை புது இயந்திரம் வாங்கியதும் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். அதற்குள் மாலை வகுப்பில் புரோகிராம் எழுதப் படித்திருந்தேன். கொழும்புக் கம்பெனி ஒன்று, தேயிலைத் தோட்டங்களின் வேலைப் பதிவைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறது, தமிழ் தெரிந்த 'சாஃப்ட்வேர் டெஸ்டிங் எஞ்சினியர்' வேண்டும் என்று விளம்பரம் கொடுத்திருந்தது. அது என்ன வேலை என்று தம்பி கேட்டான். "இன்னொருத்தர் செஞ்சதுல குத்தம் கண்டுபிடிக்கிற வேலை" என்றேன். "அதைத்தான் வீட்ல சும்மாவே செய்யிறியே" என்றான். "இந்த வயசுல கடல் தாண்டிப் போயி இல்லைன்னு கேட்டுட்டு வரப் போற" என்றும் சொன்னான். உள்ளூர்க் கம்பெனிகளிடம் ஏற்கெனவே நிறைய 'இல்லை' கேட்டிருந்தேன். கடல் தாண்டி இன்னொன்று கேட்டால் தேய்ந்துவிட மாட்டேன் என்று கிளம்பினேன்.

ரயிலில் உட்கார்ந்து மண் வெட்டும் வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு செடிகளுக்கு நடுவே இருந்த படியில் ஏறிச் சாலைக்கு வந்தேன். பொல்பிட்டிய மின்நிலையத்தில் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பிய லாரி ஒன்று நின்றது. டிரைவர் சிங்களவர். என் சேலையையும் பெட்டியையும் பார்த்துவிட்டுத் தன் உதவியாளிடம் என்னமோ சொல்ல, அவர் சிரித்தபடி தமிழில் சொன்னார்: "எல்லாரும் இந்தியாவுக்குப் போறாங்க, இவங்க வழி மாறி வந்துட்டாங்கன்னு சொல்றாருங்க."

அந்தக் கேலியின் பொருள் ஹட்டன் நிலையத்தருகே லாரியிலிருந்து இறங்கியபோது விளங்கியது. மண் சரிவால் கீழே போகும் ரயிலும் நின்றிருந்தது. மேடை முழுவதும் தகரப் பெட்டிகள், பாய்ச் சுருட்டுகள், கழுத்தில் மாலையோடு குடும்பங்கள். இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படும் தோட்டத் தொழிலாளர்கள். நான் திருச்சி என்று தெரிந்ததும் ஒருவர் ஓடி வந்தார். "எங்களுக்கும் திருச்சிப் பக்கந்தாங்க எழுதியிருக்கு. அங்க எப்பிடிங்க இருக்கும்?" பிறந்ததிலிருந்து குளிரைத் தவிர வேறெதுவும் அறியாத மனிதர். வெயில் அடிக்கும் என்று மட்டும் சொன்னேன். "அடிக்கட்டுங்க. மழை அடிச்சதைவிடவா?" என்றார். அவரிடம் இருந்த முறைப்பு எனக்குப் பிடித்தது. கொஞ்சத்தைக் கடன் வாங்கிக்கொண்டு நேர்முகத் தேர்வுக்குப் போனேன்.

கம்பெனி அலுவலகம் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையின் மாடியில் இருந்தது. காத்திருந்தவர்களில் பெண் நான் ஒருத்தி. பக்கத்தில் கொழும்பு இளைஞர், பெயர் நஸீர். நான் பரீட்சை நடத்த வந்தவள் என்று நினைத்து எழுந்து நின்றார். உட்காரச் சொன்னேன். நானும் போட்டிக்கு வந்தவள் என்றதும் திரும்பவும் எழுந்து நின்றார்.

உள்ளே இருவர். தலைவர் குணதிலக்க, இஸ்திரி கலையாத மனிதர், ஆங்கிலத்தில் பேசினார். அடுத்தவர் சிவநாதன், யாழ்ப்பாணத்தவர், அந்தப் புரோகிராமை எழுதியவர்.

"இந்த வயதில் புதிய இயந்திரத்தைக் கற்பது கடினமாக இருக்காதா?" என்றார் குணதிலக்க.

"இயந்திரம் எனக்குப் பிறகு வந்தது ஐயா. அதற்குத்தான் கடினமாக இருக்கும்."

"நீங்கள் எஞ்சினியரும் இல்லையே."

"எஞ்சினியர் என்று மேலே எழுதியது நீங்கள். பிழை கண்டுபிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று கீழே எழுதியதும் நீங்கள். நான் கீழே எழுதியதற்கு வந்திருக்கிறேன்."

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டார். அது புரோகிராமில் எந்தப் பகுதியைப் பாதிக்கும் என்று கேட்டேன். சிவநாதன் இருமலுக்குள் சிரிப்பை மறைத்துக்கொண்டு மேசையிலிருந்த பென்சிலை என் பக்கம் உருட்டினார்.

"இதை எப்பிடிச் சோதிப்பீங்கள்?"

"யார் எழுதப் போகிறார்கள்?"

"ஆர் எழுதினா என்ன?"

"கணக்கரா, குளிரில் விறைத்த கையா? காய்ந்த தாளிலா, நனைந்த தாளிலா? அது தெரியாமல் இதைச் சோதித்தால், நான் எழுதும்போது எழுதுகிறது என்பது மட்டும்தான் தெரியும்."

"அப்ப புரோகிராம் எழுதுறவனுக்கும் சோதிக்கிறவனுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஓடும் என்று நம்புவது உங்கள் வேலை. நம்பாமலிருப்பது என் வேலை."

அடுத்த கட்டம் செய்முறைத் தேர்வு. டயகமவுக்கு அருகில், கம்ப்யூட்டரை முதலில் வைக்கப் போகும் தோட்டத்தின் அலுவலகத்தில். நஸீரும் நானும் மட்டும் தேறியிருந்தோம்.

மறுநாள் டயகம பஸ். எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறினால் ஊர் தெரியும்; இங்கே ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்தாலும் மூடுபனிதான் தெரிந்தது. ஒரு வளைவில் பஸ் பின்னால் நழுவியது. கண்டக்டர் இறங்கி ஓடிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். யாரும் அலறவில்லை. பின் இருக்கையில் இரண்டு பேர் சிங்களத்தில் பேசிக்கொண்டது என்ன என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன்: "இந்தக் கல் போன மாசம் வச்ச கல்லா, புதுசா?" என்கிறார்களாம்.

தங்க இடம் கொடுத்தவர் பிலோமினா, தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியை, என் வயதுதான். "டீச்சர் கோட்டர்ஸ்னு பேரு. லயத்துக் காம்பராவுக்கு வெள்ளையடிச்சா அதான் கோட்டர்ஸ்" என்று கதவைத் திறந்தார். லயம் என்பது தொழிலாளர்களின் வரிசை வீடு. அவருடைய அண்ணன் மனைவி அமலி பக்கத்து லயத்தில் இருந்தார், கொழுந்து பறிப்பவர்.

இரவுச் சாப்பாடு தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும். ரொட்டி நம் அடையைவிடக் கனம். பசியோடு நேரடியாக மோதும் பலகாரம். சம்பல் காதுவரை ஏறியது. இரண்டாவது ரொட்டி முடிந்த பிறகுதான் அதில் மரச்சிராய் போல இருந்தது என்ன என்று கேட்டேன். மாசிக் கருவாடு என்றார் பிலோமினா. பிறந்ததிலிருந்து சைவமாக இருந்தவள் நான். தட்டைப் பார்த்தேன். இனி ஆனது ஆகிவிட்டது என்று மூன்றாவது ரொட்டி கேட்டேன். "அப்பிடிப் போடுங்க!" என்று அமலி என் தட்டில் இன்னொரு கரண்டி சம்பலைத் தள்ளினார். தேத்தண்ணியைச் சீனி கலக்காமல் கொடுத்து, சீனியை உள்ளங்கையில் வைத்தார்கள். நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். நல்ல இலையெல்லாம் கப்பலேறிப் போய், மிச்சத் தூள்தான் இங்கே வருகிறதாம். மலை முழுக்கத் தேயிலை, வீட்டில் தூள். எங்கள் ஆலைத் தொழிலாளர் வீட்டில் ஆலைத் துணியைப் பார்த்ததில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது.

செய்முறைத் தேர்வுக்கு ஒரு நாள் இடைவெளி இருந்தது. பரீட்சைக்குப் படிக்கும் வயதைத் தாண்டியிருந்தேன். எதைச் சோதிக்கப் போகிறேனோ அதைப் பார்க்கலாமென்று விடியற்காலையில் அமலியோடு பெரட்டுக் களத்துக்குப் போனேன். பெரட்டு என்பது வேலைக்கு ஆள் பிரிப்பது. மலைக்கு இன்னார், தொழிற்சாலைக்கு இன்னார் என்று கங்காணி சத்தமிட்டார். இங்கே ஒரு நாள் வேலையைப் 'பேர்' என்கிறார்கள். முழுநாள் உழைத்தால் முழுப்பேர். பாதி நாளுக்கு அரைப்பேர்.

நடுப்பகலில் மழை பிடித்தது. திருச்சியில் மழை வந்தால் வேடிக்கை பார்ப்போம். இங்கே மழை வந்தால் மலை காணாமல் போய்விடுகிறது. இடி இடித்ததும் பறிப்பை நிறுத்தி, பெண்களைத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக, காய்ந்த தூளில் காம்பு பொறுக்க உட்கார்ந்தார்கள். "காலையில ஒரு அரை, இப்ப ஒரு அரை. ரெண்டுஞ் சேந்து முழுப்பேரு. அடைமழைன்னா இங்க இதானே" என்றார் அமலி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மறுநாள் தேர்வு. கம்ப்யூட்டர், தோட்ட அலுவலகத்தில் தேயிலைப் பெட்டிகளை அடுக்கிச் செய்த மேசைமேல் இருந்தது. ஒரு நாள் வேலைப் பதிவைக் கொழும்பில் அழகாகத் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் முழுப்பேர், எல்லோரும் ஒரே இடத்தில் வேலை. அந்தத் தாளில் மழையே பெய்யவில்லை.

நஸீர் தாளில் உள்ளபடி ஏற்றினார். எல்லாம் சரியாக வந்தது. நானும் ஏற்றினேன். சரியாகவே வந்தது. பிறகு தாளில் இல்லாத ஒன்றை ஏற்றினேன்: அமலி, காலை, மலை, அரைப்பேர். அமலி, பிற்பகல், தொழிற்சாலை, அரைப்பேர். இயந்திரம் முனகவில்லை, மறுக்கவில்லை. இரண்டாவதை வாங்கிக்கொண்டு முதலாவதை அழித்துவிட்டது. நாள் முடிவில் அமலிக்கு அரைப்பேர்.

சிவநாதனைக் கூப்பிட்டேன். அவரே இன்னொரு பெயரில் செய்து பார்த்தார். அதுவும் அரை.

"ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பதிவுதான். அப்பிடித்தான் எழுதித் தந்தவை" என்றார்.

"எழுதித் தந்தவர் மழையில் வந்தாரா?"

"இது மழை நாளில மட்டும் வாற பிழை."

பின்னால் நின்ற தோட்டத்துக் கிளாக்கர் தன்னை மறந்து சொல்லிவிட்டார்: "சேர், இங்க வெயில் அடிச்ச நாளைத்தான் நாங்க விசேஷமாச் சொல்லுவோம்."

சிவநாதனின் காது சிவந்தது. மனிதர் கெட்டவரில்லை. திரையையே பார்த்துக்கொண்டு, "திருத்தலாம். ஆனா அடியிலயிருந்து மாத்த வேணும். கொஞ்ச நாள் எடுக்கும்" என்றார். தேர்வுத் தாளில் முடிவு என்ற இடத்தில் 'தேறவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

இறுதிக் கட்டம் நுவரெலியாவில். கம்பெனி ஜீப்பில் நஸீரும் நானும் போனோம். அவர் வழியெல்லாம் வாந்தி எடுத்தார். நடு நடுவே எனக்கு அறிவுரையும் சொன்னார். "மிஸ், அவங்க ஓம் எண்டு சொல்லச் சொன்னா சொல்லிட்டுப் போங்க. வேலை கெடச்ச பொறகு திருத்தலாம்தானே." அவருக்கு உம்மாவும் கல்யாணமாகாத தங்கைகளும் இருந்தார்கள். அதையும் வாந்திக்கு நடுவில்தான் சொன்னார். நான் எலுமிச்சம்பழம் கொடுத்தேன், பதில் கொடுக்கவில்லை.

நுவரெலியாவை யாரோ வெள்ளைக்காரர் தன் ஊரை நினைத்து அழுதுகொண்டே கட்டியிருக்க வேண்டும். செங்கல் வீடுகள், புல்வெளி, புகைபோக்கி. அந்தக் குளிரில் எனக்குக் கிடைத்த காலை உணவு ரொட்டித் துண்டும் ஜாமும். பல்லில் ஜாம் உறைந்தது. ஓர் இட்லி கேட்டால் என்ன ஆகும் என்று பரிசாரகரிடம் கேட்டேன். "அது மருந்துக் கடையில் இருக்கும்" என்று, இட்லியை ஏதோ மாத்திரையென்று நினைத்தவராய், மரியாதையாகச் சொன்னார்.

கணப்பு எரியும் அறையில் குணதிலக்க என் தேர்வுத் தாளை விரித்து வைத்திருந்தார். சிவநாதன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள்தான் இருவரில் சிறந்தவர். வேலையை உங்களுக்குத் தர விரும்புகிறோம்" என்றார் குணதிலக்க. என் நெஞ்சு ஒரு முறை எம்பியதை மறைக்க மாட்டேன். இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

"நாளை தொடக்க விழா. பெரிய மனிதர்கள் வருகிறார்கள். புரோகிராம் சோதித்துச் சரியென்று காணப்பட்டது என ஒரு கையெழுத்து வேண்டும். இதோ புதிய தாள்."

"பிழை?"

"பிறகு திருத்துவோம்."

"அதுவரை மழை பெய்யாதா?"

"அம்மா, உங்களுக்கு இந்த வேலை வேண்டுமா, வேண்டாமா?"

"வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வேலையே இருக்காது. சம்பளம் மட்டும்தான் இருக்கும்."

பேனாவை அவர் என் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டார். நான் வெளியே வந்தேன், நஸீர் உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் நியமனக் கடிதம் இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் ஜீப்பின் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். இந்த முறை வாந்தி எடுக்கவில்லை.

அன்று மாலை பிலோமினா வீட்டில் நான் அழவில்லை. கோபத்தில் ரொட்டி மாவைப் பிசைந்து கொடுத்தேன். அவ்வளவு மிருதுவான ரொட்டி அந்த வீட்டில் வந்ததே இல்லையாம். நடந்ததை அமலியிடம் எதையும் விடாமல் சொன்னேன்.

"அப்ப மழை நாளுல பாதி நாளு எங்களுக்கு இல்லையா?"

"எழுத்தில் இருக்காது."

"ஆரு சொன்னான்னு கேட்டா?"

"நான் சொன்னேன் என்றே சொல்லுங்கள்."

அமலி எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு லயத்துப் பக்கம் போனார். ஒவ்வொரு வாசலாகத் தட்டும் சத்தம் கேட்டது.

மறுநாள் பிற்பகல் பஸ்ஸுக்குத்தான் நான் கிளம்ப வேண்டும். விழாவுக்கு என்னை யாரும் அழைக்கவில்லை. தொழிற்சாலை வாசலில் நிற்க அழைப்பும் தேவையில்லை. கம்ப்யூட்டரைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து மாலை போட்டிருந்தார்கள். கிளாக்கர் காலைப் பதிவை ஏற்றினார். தோட்ட மேலாளரான துரையும் விருந்தாளிகளும் கை தட்டினார்கள். கேக் வெட்டினார்கள். சாப்பாட்டுக்கு உட்காரும்போது மேற்குப் பக்கத்திலிருந்து மழை வந்தது.

பெண்கள் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். தொழிற்சாலைக்குள் நுழையும்போது இரண்டாவது அரையைப் பதிவது வழக்கம். விருந்தாளிகள் பார்க்கட்டும் என்று குணதிலக்கவே கம்ப்யூட்டரை வாசலுக்கு அருகில் நகர்த்தி வைத்திருந்தார். முதலில் அமலி. கிளாக்கர் ஏற்றினார்.

"ஏத்தியாச்சு, உள்ள போ" என்றார்.

"என் பேரு எம்புட்டு விழுந்திருக்குன்னு காட்டுங்க."

"அதெல்லாம் மெசினு பாத்துக்கும்."

"நானும் பாத்துக்கிறேன்."

கிளாக்கர் திரையைத் திருப்பினார். அமலி குனிந்து பார்த்தார். முந்தானையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"அரைன்னு காட்டுது. காலையில மலையில நின்னதும் நான்தான், இப்ப இங்க நிக்கிறதும் நான்தான். அந்தப் பொட்டிக்கு இது வெளங்கலேன்னா, அதைத் தூக்கிட்டுப் போயி செத்த நேரம் மழையில நிக்க வையுங்க கிளாக்கரையா. வெளங்கிரும்."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருவரும் உள்ளே வரவில்லை. கூடைகளை இறக்கி வைத்து, மழையிலேயே வரிசையாக நின்றார்கள். கங்காணி கத்தினார். கூடைகள் அசையவில்லை. விருந்தாளிகள் கேக் தட்டோடு வாசலுக்கு வந்தார்கள்.

இதைச் சோதித்துச் சரியென்று எழுதியது யார் என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார். நஸீரின் உதடு வெளுத்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் சிவநாதன் முன்னால் வந்தார்.

"புரோகிராம் எழுதினது நான். பிழை இருக்கெண்டு எனக்கு முதலே தெரியும். அவரைக் கேக்க வேண்டாம்."

துரை கேக் தட்டைக் கீழே வைத்தார். பிறகு செக்ரோல் என்ற பழைய வேலைப் பதிவுப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். இயந்திரம் திருந்தும் வரை பென்சிலில்தான் பதிவு என்றார். கிளாக்கர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இரண்டு அரையையும் தனித்தனியாகக் குறித்தார். ஒவ்வொரு பெண்ணும் புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டே உள்ளே போனார்.

நான் பெட்டியைத் தூக்கினேன். குணதிலக்க குடையோடு என் பின்னால் வந்தார். கோபத்திலும் குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தார். அதைக் குறிப்பிடத்தான் வேண்டும்.

"இவர்களிடம் சொன்னது நீங்களா?"

"ஆமாம்."

"வேலை தரவில்லை என்ற ஆத்திரத்தில்?"

"வேலை தந்திருந்தாலும் சொல்லியிருப்பேன் ஐயா. என்ன, உங்களிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லியிருப்பேன்."